மெதெஜீன்: "அந்த ஊருக்கா போற?" என்று கேட்டவர்களுக்கு

#1 ஊர்சுத்தி_செந்தில்

கொலம்பியாவில் ஒரு மாசம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஹூஸ்டன் திரும்பினேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்தே வேலை பார்த்தேன், சனி ஞாயிறு ஊர் சுற்றினேன். நான் தங்கின நகரத்தின் பெயரை, எழுத்தைப் பார்த்து ‘மெடலின்’ என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். விமான நிலைய டாக்சிக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்து, வாத்தியார் மாதிரி இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தார்: மெதெஜீன்.

கிளம்புமுன் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. ஆபீசில் ஒருத்தர் "உயில் எழுதியாச்சா" என்றார். தஞ்சாவூரில் அம்மாவிடம் ‘தென் அமெரிக்கா’ என்று மொட்டையாகச் சொல்லி வைத்திருந்தேன். தம்பி போட்டுக் கொடுத்துவிட்டான். போதைக் கடத்தல் தாதா எஸ்கோபார் ஊரு என்று சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். அந்த ஆளை வைத்து இணையத் தொடர் எடுத்தவர்கள் என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

விமான நிலையம் ஊருக்குள் இல்லை. ரியோநேக்ரோ என்ற மேட்டுநிலத்தில் இறங்கி, எட்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதைக்குள் போக வேண்டும். வெளியே வந்தால் காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு. நடுவில் உயரக் கட்டடங்கள், இரண்டு பக்கமும் மலைச்சரிவு முழுக்கப் பூசாத செங்கல் வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி. நான் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. திருக்கார்த்திகை அன்றைக்குத் தெருவில் நுழைந்த மாதிரி இருந்தது. உயரம் நம்ம ஏற்காடுதான், சுமார் 1,500 மீட்டர். மின்விசிறி கூடத் தேவைப்படவில்லை.

முதல் ஆச்சரியம் மெட்ரோ. 1995 நவம்பர் இறுதியில் ஓட ஆரம்பித்தது. நாட்டிலேயே இதுவரை ஓடுகிற ஒரே மெட்ரோ இதுதான், தலைநகர் பொகோட்டாவில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முப்பது வருஷ ரயிலில் ஒரு கிறுக்கல் இல்லை, ஒரு பாக்குக் கறை இல்லை (சரி, அவர்கள் பாக்கு போடுவதில்லை). நுழைவுக் கதவுக்கு வெளியே ஒரு பையன் அரேப்பா தின்றுகொண்டிருந்தான். அரேப்பா என்றால் சோள அடை. வண்டி வருகிற சத்தம் கேட்டதும் பாதி கடித்ததைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே போனான். காவலர் யாரும் பக்கத்தில் இல்லை. "மெட்ரோ பண்பாடு" என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

அசெவேதோ நிலையத்தில் இறங்கினால் அதே டிக்கெட்டில் கேபிள் கார் ஏறலாம். 2004-ல் போட்டது. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இல்லை, மலைமேல் இருக்கிற சாந்தோ தொமிங்கோ மக்கள் வேலைக்குப் போய் வருவதற்கு. என் பெட்டியில் ஒரு பாட்டி, மடியில் இரண்டு தட்டு முட்டை. எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழி ஓட்டல் மெனு அளவுதான். முன்னாடி எப்படி என்று கேட்டேன். பஸ், அப்புறம் படிக்கட்டு என்று விரலால் நடந்து காட்டினார், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் யாரும் ஏற மாட்டார்கள் என்றும் சொன்னார். இறங்கும்போது முட்டைத் தட்டு ஒன்றை வாங்கிப் பிடித்தேன். நன்றி சொல்ல வேண்டியது அவர், ஆனால் நான் உளறி நன்றி சொல்ல, அவர் "கோன் முச்சோ குஸ்தோ" என்றார். ரொம்பச் சந்தோஷம் என்று அர்த்தம். அந்த ஊரில் எதற்கு நன்றி சொன்னாலும் இந்தப் பதில்தான்.

ஒரு மாசமும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போய் வாருங்கள்.

#2 பொள்ளாச்சி_இளநி

ஏனுங்க, முட்டையெல்லாம் உடையாம வந்துச்சுங்களா? அதச் சொல்லாம உட்டுட்டீங்க.

#3 தரவுப்பித்தன்

நல்ல பதிவு. ஆனால் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, எனவே ஊர் நல்ல ஊர்" என்பது தரவு இல்லை, செந்தில். எஸ்கோபார் காலத்திலும் ஒன்றும் ஆகாமல் திரும்பியவர்கள் இருப்பார்கள்.

எண்ணைப் பார்ப்போம். 1991-ல் அந்த நகரத்தில் லட்சம் பேருக்குச் சுமார் 380 கொலைகள். உலகத்திலேயே மோசம். இன்றைக்கு 15-க்கும் கீழே. இதைவிட அதிக விகிதம் உள்ள அமெரிக்க நகரங்கள் பல உண்டு, அங்கெல்லாம் நம் ஆட்கள் உயில் எழுதாமல்தான் போய் வருகிறார்கள். இந்த அளவில் உங்கள் கட்சிதான் நானும்.

ஆனால் எப்படிக் குறைந்தது என்பதில் எல்லாரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். கணிதப் பேராசிரியர் ஃபஹார்தோ 2004-ல் மேயரானார், ஏழைப் பேட்டைகளில் அழகான நூலகம் கட்டினார், கேபிள் கார் பறந்தது, துப்பாக்கி அடங்கியது. பாதி உண்மை. கேபிள் கார் போன பேட்டைகளையும் போகாத பேட்டைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2012-ல் வந்தது. போன இடங்களில் கொலை குறைந்த அளவு மற்ற இடங்களைவிட 66 சதவீதம் அதிகம். அதை மறுக்கவில்லை.

மறுபாதிக்குப் பெயர் தோன் பெர்னா. எஸ்கோபாருக்குப் பிறகு தாதா கும்பல்களை எல்லாம் தன் கைக்குள் கொண்டுவந்தவர். எல்லாக் கும்பலுக்கும் ஒரே முதலாளி, அதனால் சண்டை இல்லை. சரணடைந்து சிறைக்குப் போன பிறகும் அவர் கை நீண்டுதான் இருந்தது. 2008-ல் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கீழே இருந்தவர்கள் நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். 2007-ஐவிட 2009-ல் கொலைகள் இரண்டு மடங்குக்கும் மேல். கேபிள் கார் அப்போதும் மேலே ஓடிக்கொண்டுதான் இருந்தது, நூலகமும் திறந்துதான் இருந்தது.

இன்றைக்கும் பல பேட்டைகளில் கடைக்காரரும் பஸ்காரரும் கும்பலுக்கு மாமூல் கட்டுகிறார்கள். அதற்கு அங்கே ‘வக்கூனா’ என்று பெயர், தடுப்பூசி என்று பொருள். ஊசி போட்டுக்கொண்டால் நோய் வராது. கொலை எண் குறைவதற்குக் கும்பல்கள் அடிக்காமல் இருப்பதும் காரணம் என்றால், அது வேறு வகை அமைதி.

#4 ஊர்சுத்தி_செந்தில்

இளநி, ஒரு முட்டை கீறல். பாட்டி பார்க்கவில்லை.

பித்தன் சார், வாபஸ். "ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியதிலும் கொஞ்சம் பொய் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

நீங்கள் சொன்ன நூலகம் ஒன்றைத் தேடித்தான் சாந்தோ தொமிங்கோவுக்கே போனேன். மலை உச்சியில் மூன்று கரும்பாறை உருண்டு வந்து நின்ற மாதிரி இருக்கும், 2007-ல் திறந்தபோது ஸ்பெயின் ராஜாவே வந்தார். சில வருஷத்திலேயே கட்டுமானக் கோளாறு கண்டுபிடித்துப் பல காலம் மூடிக் கிடந்தது. உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் படம் வந்த கட்டடம்! அந்த மூடிக் கிடந்த கதையை யாரும் அட்டைப்படத்தில் போடவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காசு எங்கிருந்து வந்தது என்று தங்கின வீட்டு உரிமையாளரிடம் கேட்டேன். கரண்டு பில்லை எடுத்துக் காட்டினார். மின்சாரம், தண்ணீர், எரிவாயு எல்லாம் ஒரே நிறுவனம், அதற்கு முதலாளி மாநகராட்சி. லாபத்தில் பெரும் பங்கு வருஷா வருஷம் ஊருக்கு வருகிறது. மின்வாரியம் லாபம் பார்த்து அதில் நூலகம் கட்டினார்கள் என்று நம்ம ஊர் டீக்கடையில் சொல்லிப் பாருங்கள்.

அதே பில்லில் மூலையில் ஓர் எண். ஒவ்வொரு வீட்டுக்கும் 1 முதல் 6 வரை ஒரு படிநிலை. 1 என்றால் ஏழை, கட்டணம் குறைவு. 6 என்றால் பணக்காரர், அவர் கூடுதலாகக் கட்டி ஏழைக்கு ஈடு செய்கிறார். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் மனிதர்களையே எண்ணால் பேசுகிறார்கள். "அவன் ஆறு, அவன் எப்படி ரெண்டைக் கல்யாணம் பண்ணுவான்." கேட்டபோது காது கூசியது, ரொம்பப் பழக்கமான கூச்சம்.

#5 மீனா_மதுர

அண்ணா, தேடித் தேடி இந்த இழைக்கு வந்திருக்கேன். வீட்டுக்காரருக்கு மெதெஜீன்ல ரெண்டு வருஷப் போஸ்டிங். நானும் மூணு வயசுப் பொண்ணும் போறதா இல்லையான்னு வீட்ல தினம் பஞ்சாயத்து. எங்கம்மா (63) கூட வந்து ஆறு மாசம் இருக்கேங்கறாங்க. மாமியார் வீட்ல "போதைக் கும்பல் ஊருக்கா பிள்ளையத் தூக்கிட்டுப் போவ"ன்னு அழுகை. நாங்க சுத்த சைவம் வேற. நெசத்த மட்டும் சொல்லுங்க.

#6 பொகோட்டா_பானு

மீனா, நான் ஆறு வருஷமா பொகோட்டாவில் இருக்கேன், மெதெஜீனுக்கு வேலையா மாசம் ஒரு தடவை. ஆம்பளைங்க எழுதறதை விட்டுட்டு இதைக் கேளுங்க.

வீடு லவுரேலஸ் பக்கம் பாருங்க, இல்லைன்னா தெற்கே என்விகாதோ. மர நிழல், நடைபாதை, சின்னப் பிள்ளைக்குப் பூங்கா எல்லாம் உண்டு. எல் பொப்லாதோதான் வெளிநாட்டுக்காரங்க குவியற இடம், அழகாத்தான் இருக்கும். ஆனா அங்க யெராஸ் பூங்கா சுத்தி ராத்திரி நடக்கறதைப் பார்த்தா வயிறு எரியும். வயசான அமெரிக்கர்கள், பதினாறு பதினேழு வயசுப் பொண்ணுங்க. 2024-ல் ஒருத்தனை ரெண்டு சிறுமிகளோட ஓட்டல்ல பிடிச்சதும் ஊரே கொதிச்சு, அந்த ஏரியாவுல பாலியல் தொழிலுக்கே மேயர் கொஞ்ச காலம் தடை போட்டார். "ஊர் திருந்திருச்சு"ன்னு எழுதற சுற்றுலாக் கட்டுரை எதுலயும் இதைப் பத்தி ஒரு வரி வராது. டாலர்ல சம்பாதிச்சு அங்க உக்காந்து வேலை பாக்கறவங்களால வாடகை ஏறி, ஊர்க்காரங்க வெளியே தள்ளப்படறதும் வராது. (செந்தில், உங்களையும் சேர்த்துத்தான்.)

இன்னொண்ணு ஸ்கோபோலமின். பானத்துல கலந்து கொடுத்தா ஆள் சொன்னதெல்லாம் செய்வான், காலையில ஒண்ணும் நினைவிருக்காது, பேங்க் காலியா இருக்கும். 2023 கடைசி ரெண்டு மாசத்துல எட்டு அமெரிக்கர்கள் சந்தேகமான முறையில இறந்ததா அவங்க தூதரகமே எச்சரிக்கை விட்டுச்சு. பல கேஸ்ல டேட்டிங் ஆப்ல பழகினவங்களைப் பாக்கப் போனதுதான் தொடக்கம். உங்க வீட்டுக்காரர் நல்லவரா இருப்பார், இருந்தாலும் வாசிக்கக் கொடுங்க.

சாப்பாடு: பீன்ஸ்னு நம்பி வாங்காதீங்க. அந்த ஊர்ச் சிவப்பு அவரையைப் பன்றித் தோல் போட்டுத்தான் வேக வைப்பாங்க, மேலே தெரியாது. "கறி இல்லாம" சொன்னா கோழி வரும். கோழி கறி இல்லையாம். ஆனா காய்கறிச் சந்தையில உங்களுக்கு வேண்டியது முக்காவாசி கிடைக்கும், பருப்பும் அரிசியும் தாராளம். கறிவேப்பிலை மட்டும் மறந்துடுங்க.

#7 நல்லூரான்

வணக்கம். ரொறன்ரோவில இருந்து எழுதுறன். போன வருசம் நானும் மனிசியும் போனனாங்கள். செந்தில் எழுதினது எல்லாம் உண்மைதான், ஆனா கொமுனா 13 எண்ட மலைக் குடிமனை பற்றி ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லை எண்டதால எழுதுறன்.

உல்லாசப் பயணிகள் எல்லாரும் போற இடம் அது. சான் ஹவியேர் ரெயில் நிலையத்தில இறங்கிப் போகவேணும். மலையேறுறதுக்கு 2011-ல போட்ட மின்படிக்கட்டு, 28 மாடி உயரம் எண்டு சொல்லுகினம். சுவர் முழுக்கப் படம், பெடியள் ராப் பாடிக் காசு கேக்கினம், மாங்காய் உப்புப் போட்டு விக்கினம். எஸ்கோபார் முகம் அடிச்ச ரீசேட்டும் விக்கினம். எங்களைக் கூட்டிக்கொண்டு போன பெடியன் அந்தக் கடைப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. "அவன் எங்கட மாமாவைச் சாகடிச்சவன், அவன்ர முகத்தைப் போட்டுக்கொண்டு வாறவைக்கு நான் வழி காட்டிறதில்லை" எண்டான்.

2002 ஒக்ரோபர் நடுப்பகுதியில, ஒபரேசியோன் ஓரியோன் எண்டு பெயர் வைச்சு, ஹெலிகொப்டரோட இராணுவமும் பொலிசும் அந்தக் குடிமனைக்குள்ள இறங்கினவை. கெரில்லாவைக் கலைக்க எண்டு. துணை ஆயுதக் குழுவும் கூட. கெரில்லா போனது உண்மை. அதோட கன பெடியளும் காணாமல் போச்சினம். தாய்மார் அப்பவே சொன்னவை, எதிர் மலையில கட்டட இடிபாடு கொட்டுற இடம் இருக்கு, எங்கட பிள்ளையள் அதுக்குக் கீழதான் இருக்கினம் எண்டு. லா எஸ்கொம்ப்ரேரா எண்டு அந்த இடத்துக்குப் பெயர். ஒருத்தரும் கேக்கேல்லை. விசரியள் எண்டு சொன்னவை. லொறியள் இன்னும் இன்னும் கல்லைக் கொண்டுவந்து கொட்டினது.

2024 டிசம்பரில முதல் எலும்புகள் வந்தது. இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு.

அடுத்த மாதமே ஊர்ப் பெடியள் ஒரு பெரிய சுவரில எழுதினவை: "லாஸ் குச்சாஸ் தியேனேன் ரசோன்." கிழவியள் சொன்னது சரி எண்டு அர்த்தம். குச்சா எண்டா எங்கட ஊரில அம்மாவை "மனிசி", "கிழவி" எண்டு செல்லமாயும் கரடாயும் சொல்லுறமே, அப்பிடி. மாநகரசபை அதுக்கு மேல பெயின்ற் அடிச்சு மூடிச்சு. சனம் திரும்பப் போய் எழுதிச்சு.

என்ர மனிசி அந்த இடத்தில நிண்டு பாத்துக்கொண்டே இருந்தா. அவவின்ர தமக்கை காணாமல் போன பிள்ளையளைக் கேட்டு கிளிநொச்சியில 2017 மாசியில தொடங்கின போராட்டப் பந்தலில இருக்கிறா, மகன்ர படத்தோட. வழிகாட்டிப் பெடியன் என்ன பிரச்சினை எண்டு கேட்டான். இங்கிலிசில சொன்னன். அவன் தொப்பியைக் கழட்டிப் போட்டு ஒண்டும் சொல்லாமல் நிண்டான். பிறகு மாங்காய் வாங்கித் தந்தான், காசு வாங்கேல்லை.

#8 தரவுப்பித்தன்

நல்லூரான் ஐயா, என் பதிவில் 2002-ஐ விட்டதற்கு வெட்கப்படுகிறேன். கொலை எண்ணிக்கையில் காணாமல் போனவர்கள் வர மாட்டார்கள். குறைந்த எண் எப்படிக் குறைந்தது என்று பேசும்போது அதைச் சேர்க்காமல் பேசியது தப்பு.

#9 ஊர்சுத்தி_செந்தில்

இரண்டு நாளாக எதையும் எழுத வரவில்லை. ஐயா எழுதியதைப் படித்த பிறகு, நான் கொமுனா 13-ல் எடுத்த மின்படிக்கட்டு செல்ஃபியை முகநூலிலிருந்து எடுத்துவிட்டேன்.

நான் நின்று பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். ஊர் நடுவே சான் அந்தோனியோ பூங்காவில் சிற்பி பொத்தேரோ செய்த கொழுத்த பறவைச் சிலை, வெண்கலம். 1995 ஜூனில் அங்கே பாட்டு நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது அந்தச் சிலையில் குண்டு வைத்தார்கள். இருபது பேருக்கு மேல் செத்தார்கள். சிலையை அகற்றக் கூடாது என்று பொத்தேரோ சொல்லிவிட்டார். பிறகு அதே மாதிரி முழுப் பறவை ஒன்றைச் செய்து பக்கத்தில் வைத்தார். வயிறு கிழிந்து தகடு வெளியே மடங்கி நிற்கிற பழைய பறவையும், அதன் பக்கத்தில் பளபளவென்று புதுசும் இன்றைக்கும் அங்கேதான் நிற்கின்றன. பழைய பறவையின் நிழலில் ஒருத்தர் ஃபிளாஸ்க் வைத்துக் கடுங்காப்பி விற்றுக்கொண்டிருந்தார்.

எஸ்கோபார் குடும்பம் இருந்த மோனக்கோ கட்டடத்தை மட்டும் 2019 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். இப்போது அங்கே நினைவுப் பூங்கா. கருப்புச் சுவரில் 46,612 துளைகள், 1983 முதல் 1994 வரை போதைக் கும்பல் வன்முறையில் செத்த ஒவ்வொருத்தருக்கும் ஒன்று. நான் போனபோது ஒரு சுற்றுலா வேன் வந்தது. பாதிப் பேர் இறங்கவே இல்லை, இடிப்பதற்கு முந்தின கட்டடத்தின் படத்தைப் போனில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது அந்தப் பொய். கடைசி நாளுக்கு முந்தின நாள் அந்தப் பறவைகள் நிற்கிற பூங்காவிலிருந்து வெளியே வந்து, நடைபாதை ஓரம் நின்று போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து மேப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் பைக்கில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் பூப்பறிக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடி உதை எதுவும் இல்லை. காப்பிக்காரர் ஓடி வந்து உட்கார வைத்து, ஒரு குவளை கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பப்பாளி கொடுக்கக் கூடாது தம்பி." அந்த நாட்டுப் பழமொழி. பப்பாளியை வெட்டித் தட்டில் வைத்தால் எவனாவது எடுக்கத்தான் செய்வான், தப்பு வைத்தவன் மேல். எனக்கு வந்த கோபத்தில் இந்தப் பழமொழியே திருடனுக்கு வக்கீல் என்று நினைத்தேன். இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இப்போது ஹூஸ்டனிலும் சுவரோரம் போய்த்தான் போனை எடுக்கிறேன்.

#10 பொள்ளாச்சி_இளநி

ஆக ஊர் ஆபத்தா இல்லீங்களா? பொண்ணு கேட்டு நாளாச்சு, ஆளாளுக்கு வரலாறு சொல்லிட்டிருக்கீங்கோ.

#11 பொகோட்டா_பானு

போகலாம் மீனா. குழந்தையோட போகலாம். தெருவுல போனை வெளியே எடுக்காதீங்க, ராத்திரி ஆப் டாக்சி, மெயின் ரோடு ஏடிஎம்-ல காசு எடுக்காம மால் உள்ளே எடுங்க. அவ்வளவுதான்.

முக்கியமானது வேற. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கொலம்பியாவிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் இல்லைன்னா விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திடுவாங்க. சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுவாங்க. பயணத்துக்குப் பத்து நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும். அம்மாவுக்கு அறுபது தாண்டிருச்சுன்னா கண்ணை மூடிட்டுப் போடாதீங்க, அந்த வயசுக்கு மேல பக்கவிளைவு கொஞ்சம் கூடுதல். டாக்டர்கிட்டக் கேட்டு முடிவு பண்ணுங்க.

#12 மீனா_மதுர

(ஏழு மாசம் கழிச்சு வர்றேன், திட்டாதீங்க.)

வந்து அஞ்சு மாசம் ஆச்சு. லவுரேலஸ்லதான் வீடு, படிநிலை அஞ்சு. வேலைக்கு வர்ற அக்கா வீடு ரெண்டு. பில்லப் பாத்தப்ப செந்தில் அண்ணன நெனச்சேன்.

ஒரு தடவ பயந்தேன். ராத்திரி பட பட பட்டுன்னு சத்தம், பிள்ளையத் தூக்கிக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போய்ட்டேன். டிசம்பர் பொறக்கறதுக்கு வெடி போடறாங்களாம்! விடிய விடிய. எங்கம்மா பால்கனில நின்னு வேடிக்க பாத்துட்டு இருந்துச்சு, மதுரையில பாக்காத வெடியான்னு.

அம்மாதான் இங்க பெரிய ஆளு. மெட்ரோவுல முறுக்கு எடுத்துக் கடிச்சுச்சு. பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு, சிரிச்சுக்கிட்டே விரல ஆட்டி வேணாம்னு சொல்லிட்டு, எந்திரிச்சு உக்கார எடமும் குடுத்துச்சு. எறங்குன பெறகு அதுக்கே ஒரு முறுக்கு குடுத்துருச்சு எங்கம்மா.

கீழ் வீட்டுப் பாட்டி அம்மாவுக்கு அவுங்க ஊரு பானம்னு ஒண்ணு கலக்கிக் குடுத்தாங்க, அகுவாபனேலா. பனேலாங்கறது கட்டியா இருக்க கரும்பு வெல்லந்தான். தண்ணில கரச்சு எலுமிச்சம்பழம் புழிஞ்சிருந்தாங்க. அம்மா ஒரு மடக்கு குடிச்சுட்டு என்னயப் பாத்து, "ஏ, இது பானகம்டி, சுக்கும் ஏலக்காயும் போட மறந்துருக்கா"ன்னுச்சு. மறுநா டப்பாவோட கீழ போயிருச்சு. இப்ப ரெண்டு பேரும் சாயங்காலம் ஒண்ணா உக்காந்துருக்காங்க, என்ன பாஷையில பேசறாங்கன்னு எங்க யாருக்கும் வெளங்கல.